ஆங் என்றால் கீழே விழும்

என் இரும்புப் பெட்டியின் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பழுப்பு அட்டை இருக்கிறது. மேல் விளிம்பை ஒட்டி வரிசையாக ஆறு ஓட்டைகள். அவற்றில் மூன்றை விளிம்புவரை கத்தரித்துத் திறந்துவிட்டிருக்கிறது. நடுவில் என் கையெழுத்தில் ‘ஆண்’ என்று எழுதி, அதை அடித்து, ‘பெண்’ என்று திருத்தியிருக்கிறேன். போன மாதம், சென்னையில் வேலை பார்க்கும் என் மகள், அவள் அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்குள் போடும் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதிலும் வரிசை வரிசையாகத் துளைகள். இதைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு வெளிநாட்டுக்காரரின் பெயரைச் சொன்னாள். நான் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. எட்டாவதோடு நிறுத்திவிட்டுப் பதினெட்டு வயதில் வீட்டில் இருந்த எனக்கு, ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் போடும் முகாமில் தற்காலிக வேலை கிடைத்தது. காணாமல் போய்க் கிடைத்த குழந்தைகளின் அடையாளங்களை அட்டைகளில் எழுதிவைக்க வேண்டும். குழந்தைகள் குளக்கரை, பஸ் நிலையம், ரயிலடி என்று வெவ்வேறு கொட்டகைகளில் இருப்பார்கள். தேடி வருகிறவர்கள் சொல்லும் அடையாளத்துக்கு அட்டைகளைப் புரட்டி, எந்தக் கொட்டகை என்று சொல்லி அனுப்புவேன். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச வராத எனக்கு அட்டைகளோடு இருப்பது பிடித்திருந்தது. முதல் நாள் காலையில் பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு தாய், மூன்று வயது மகளைக் காணோம் என்று வந்து நின்றார். சுருட்டை முடி, ரெட்டைச் சடை என்றார். நான் புரட்டினேன். இல்லை. மணிக்கொரு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் எல்லா அட்டைகளையும் புரட்டிவிட்டு இல்லை என்றேன். மத்தியானத்துக்குமேல் அவர் அழக்கூட இல்லை, கொட்டகைக் காலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

கோயில் மடப்பள்ளிக்கு மந்தார இலை தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. இலைக்கட்டை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்க முகாமுக்கு வந்தவர், அந்தத் தாயைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“கொழந்தைக்கு முடி எறக்கிட்டீங்களாம்மா?”

“ஆங், காலையிலயே எறக்கிட்டோம். பதட்டத்துல அதைச் சொல்லவே தோணல.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “கேட்டியா தம்பி? நீ சடை போட்ட பொண்ணைத் தேடிகினு கீற. சந்தனம் பூசின மொட்டைல ஆம்பளை ஏது, பொம்பளை ஏது?”

காலையில், சட்டையில்லாமல் வந்த ஒரு மொட்டைக் குழந்தையை ஆண் என்று எழுதி ரயிலடிக் கொட்டகைக்கு அனுப்பியிருந்தேன். ஓடினோம். குழந்தை சாக்கில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் குழந்தையை வாரிக்கொண்டு, என் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். தப்பு செய்தவன் கையை. கேள்வி கேட்டவர் யார் என்று கவனிக்கும் நிலையில் அவர் இல்லை. அக்கா அதற்குள் இலை தைக்கப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலையில் கோணி ஊசியோடு வந்தார். “நேத்து பூரா பொரட்டிகினே இருந்தியே, பாக்க சகிக்கல” என்றபடி, மாதிரிக்கு அந்தக் குழந்தையின் அட்டையையே எடுத்து விளிம்பில் ஆறு ஓட்டை போட்டார். எல்லா அட்டையிலும் அதே இடங்களில் ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையும் ஒரு கேள்வி. மூன்று வயதுக்குள்ளா, தெலுங்கு பேசுகிறதா, காது குத்தியிருக்கிறதா, இடுப்பில் வெள்ளிக்கொடி உண்டா, முகத்தில் மச்சமோ தழும்போ உண்டா, தன் பெயரைச் சொல்கிறதா. ஆமென்றால் அந்த ஓட்டையை விளிம்புவரை கத்தரித்துவிட வேண்டும். அட்டைகளை அடுக்கி, ஓர் ஓட்டையில் ஊசியை நுழைத்துத் தூக்கினால், கத்தரித்த அட்டைகள் மட்டும் பொலபொலவென்று உதிரும். “கம்பில கோத்த எலைல ஓரம் கிழிஞ்சது தானா விழுமில்ல? அதான் இது. ஆங்னா கீழ விழும், இல்லன்னா மேலயே நிக்கும்.” ஆணா பெண்ணா என்பதற்கு ஓட்டை வேண்டாமா என்று கேட்டேன். “அதை நீ எழுதினா நான் நம்பமாட்டேன்” என்றார்.

உதிர்ந்ததை எடுத்து அடுத்த கேள்விக்குக் கோத்தால், மூன்று தூக்கலில் நாலைந்து அட்டைகளே மிஞ்சும். அன்று ஒரு தாயும் கால்மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. முகாம் அதிகாரி வந்து பார்த்து “பாகுந்தி, பாகுந்தி” என்று தெலுங்கில் பாராட்டினார். யார் யோசனை என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. அதை அடக்கம் என்று நினைத்து முதுகில் தட்டினார். அறிக்கையில் என் பெயரை எழுதினார். அடுத்த மாதம் அவர் அலுவலகத்திலேயே எனக்கு நிரந்தர வேலை ஆயிற்று. அந்த வேலையில்தான் என் கல்யாணம், வீடு, மகளின் படிப்பு எல்லாம். அக்காவிடம் போய் நின்றபோது அவர் கை இலை தைத்துக்கொண்டேயிருந்தது. “வேலை கெடச்சிதே, நல்லாயிரு. அந்த ஆபீசரு கெடக்கட்டும். பள்ளிப்பட்டு அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம் நீ.” அவ்வளவுதான் சொன்னார். ஒரு வருஷம் அது என்னோடு இருந்தது.

அடுத்த ஆடியில் அந்தத் தாய் மகளோடு என்னைத் தேடி வந்தார். குழந்தைக்கு விரலளவு சுருட்டை முடி வளர்ந்திருந்தது. “சாமி மாதிரி வந்தீங்க” என்று காலில் விழப்போனார். அதிகாரி பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொன்னால் வேலை என்னவாகும் என்று தெரியவில்லை. நான் போய், காணாமல் போனவர்களைக் கூப்பிடும் மைக்கைக் கேட்டேன். மைக்செட்காரர் சிரித்தார். “நீங்களா சார்? பயப்படாதீங்க, கடிக்காது.” அக்காவின் பெயரையும் ஊரையும் தகப்பனார் பெயரையும் சொன்னேன். குழந்தையைக் கண்டுபிடித்ததும் இந்த அட்டை முறையைச் செய்ததும் அவர்தான், நான் அல்ல, எங்கிருந்தாலும் முகாமுக்கு வரவும், உங்களைத் தேடிப் பள்ளிப்பட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றேன். என் குரல் மலை வரைக்கும் போயிற்று.

அதிகாரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அதைப்பற்றி அவர் பேசவேயில்லை, அறிக்கையும் மாறவில்லை. ஆனால் அக்கா இலைத் தூசியோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். “நான் என்ன தொலைஞ்சா போயிட்டேன்? ஊரே சிரிக்குது, மைக்ல கூப்புட்டுகினு கீறான்!” பள்ளிப்பட்டு அம்மா அவர் கையைப் பிடித்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் துடைத்ததை நான் பார்த்தேன்.

வேறு எங்கோ வேறு யாரோ இதை முன்பே கண்டுபிடித்திருக்கலாம். மகள் சொன்ன வெளிநாட்டுக்காரருக்குப் பக்கத்திலும் எழுதப் படிக்கத் தெரியாத யாராவது ஒருவர் இருந்திருப்பாரோ என்னவோ. இதை எழுதப்போகிறேன் என்று போன வாரம் அக்காவிடம் சொன்னேன். பல் போன வாயால் சிரித்தார். “பேரு அச்சுல வேணாம் தம்பி. காதுல கேட்டாச்சு, போதும்.”

பெட்டியைத் திறந்த அன்றே மகளிடம் அக்காவின் பெயரையும் நடந்ததையும் சொல்லி, அட்டையைக் கொடுத்தேன். அவள் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, கத்தரித்திருந்த ஓர் ஓட்டையில் நுழைத்து அட்டையைத் தூக்கப் பார்த்தாள். அது நழுவி மேசைமேல் விழுந்தது.

“இது என்ன கேள்விப்பா?”

“காது குத்தியிருக்கா” என்றேன்.