அம்மனிடம் சொன்ன பெயர்

எண்பதுகளில் ஏற்காடு வெள்ளக்கடை அருகே எஸ்டேட் வேலையில் இருந்தோம். என் ஆறு வயது மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்த மழைநாளில், சொல்லி அனுப்பியும் எஸ்டேட் ஜீப் வரவில்லை. தூக்கிக்கொண்டே குறுக்குவழியில் மலையிறங்கினோம். ஒரு மாதம் கழித்துச் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தாள். ஆனால் காது கேட்கவில்லை.

திரும்பி வந்த அன்றே, “குழந்தை என்ன பாவம் செய்தது?” என்று மாரியம்மனிடம் அழுதேன். அவள் நியாயம் செய்வாள் என்று நம்பி, ஜீப் டிரைவர் பெயரைச் சொல்லி, அவரைத் தண்டிக்கக் கேட்டு, மிளகாய் அரைத்து அம்மன் சிலையில் பூசினேன்.

அன்று மாலை டிரைவரின் மனைவி வந்தாள்.

“ஏனுங்கக்கா, பாப்பா எப்படிங்க இருக்குது? அன்னைக்கு உங்க ஊட்டுக்கு வாரப்பத்தான் ஜீப்பு கவுந்துருச்சுங்க. அவரு இன்னும் எந்திரிக்கலீங்க. பாப்பாவைத்தான் கேட்டுட்டே இருக்காருங்க” என்றாள்.

என் கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

என் மகளுக்கு ஏன் இப்படி என்று இன்றும் அம்மனிடம் கேட்கிறேன். அவள் நியாயத்தையும் நம்புகிறேன். யாரைத் தண்டிக்க வேண்டும் என்று மட்டும் நான் அவளிடம் சொல்வதில்லை.