செவ்வாய்க்கிழமைப் புள்ளி

சந்திரமதி லேசில் யாரையும் நம்ப மாட்டாள். தேக்கா சந்தையில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மீன்காரன் முகத்தையும் ஒரு முறை பார்ப்பாள். பஃபலோ ரோட்டில் அவள் அறைக்கு அடுத்த வீட்டு கதீஜா கிண்டல் பண்ணுவாள்: "ஏன்க்கா, சாமி நேர்ல வந்து நின்னாலும் ஐசி கார்டு கேப்பீங்களோ?"

"கேப்பேன்லா. ஊருல ஆள்மாறாட்டம் கொஞ்சமாவா நடக்குது?"

சும்மா வந்த குணமில்லை அது. இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்தாள். துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் திரும்பிப் போனபோது வீட்டில் தையல் மெஷினைக் காணோம். அதற்கப்புறம் டைப்ரைட்டிங் படித்து, புக்கிட் தீமாவில் பல்கலைக்கழக ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தாள். வேலை போனால் ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் வீட்டு அடுப்படிதான் கதி. அந்த அண்ணியோடு ஒரு தீபாவளியைக் கழித்ததே அவளுக்குப் பெரும்பாடு.

அறுபதாம் வருஷம் அது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு கால் சிங்கப்பூரில், இன்னொரு கால் கோலாலம்பூரில். ஆனால் வருஷ நாட்காட்டி ஒன்றுதான். வகுப்பு திறப்பதும் லீவு விடுவதும் ஒரே நாள். பரீட்சையோ ஒரே மணிக்கு. கேள்வித்தாள் ஒன்றாயிற்றே, ஓர் ஊரில் முந்தி நடத்தினால் கேள்வி போனிலேயே மற்ற ஊருக்குப் போய்விடும். இந்த நாட்காட்டியை முதலில் சந்திரமதி டைப் செய்து ரயில் தபாலில் அனுப்புவாள். கோலாலம்பூரில் சாகுல் ஹமீது என்கிற கிராணி பார்த்துத் திருப்புவார். அவர் முகத்தை அவள் கண்டதில்லை, கையெழுத்தைத்தான் கண்டிருந்தாள். அது ரொம்ப அழகாக இருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு காலண்டருக்கு ரெண்டு கிராணி எதுக்கு? ஒருத்தருக்குச் சீட்டுக் கிழியப் போகுது" என்று கேன்டீனில் யாரோ சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. யாருக்குக் கிழியும்?

அந்த நேரம் பார்த்துப் பரீட்சை அட்டவணை திரும்பி வந்தது. நோன்புப் பெருநாள் லீவு திங்கட்கிழமை. மறுநாள் செவ்வாய்க்கிழமைக்குப் போட்டிருந்த பூகோளப் பரீட்சையை சாகுல் ஹமீது கடைசிப் பரீட்சைக்கு மறுநாளுக்குத் தள்ளிவிட்டு, செவ்வாயைக் காலியாக விட்டு, பக்கத்தில் ஒரு சிவப்புப் பென்சில் புள்ளி வைத்திருந்தார். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

சந்திரமதிக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரிய கிராணி, தப்பு கண்ட இடத்தில்தான் சிவப்புப் புள்ளி வைப்பார். ஓஹோ, கதை அப்படிப் போகிறதா! என் தப்பை எண்ணிக்கொண்டிருக்கிறான். பரீட்சை ஒரு நாள் இழுத்தால் ரிசல்ட் தாமதமாகும். சிங்கப்பூர்க்காரிக்கு நாள் கணக்கே வரவில்லை என்பான். வேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். யார் காதில் பூச்சுற்றுகிறான்?

ரப்பரை எடுத்தாள். புள்ளியை அழித்தாள். பூகோளத்தைப் பழையபடி செவ்வாய்க்கிழமையில் தட்டி, மறுபடி அவர் பார்வைக்கு அனுப்பாமல் நேரே அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

பத்து நாளில் சாகுல் ஹமீதிடமிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. 'செவ்வாய்க்கிழமைப் புள்ளியைக் கவனித்தீர்கள்தானே?' பார்த்தாயா, ஆழம் பார்க்கிறான்! 'கவனித்தாயிற்று. நன்றி' என்று ஒற்றை வரியில் பதில் போட்டு, கார்பன் நகலைப் பூட்டி வைத்தாள்.

பெருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்த நேரம். கதீஜா வீட்டில் வெங்காயம் உரிக்க ஒத்தாசைக்குப் போயிருந்தாள். கதீஜாவின் புருஷன் பள்ளிவாசலிலிருந்து வந்து, "பிறை தெரியலையாம். பெருநாள் செவ்வாய்க்கிழமைதான்" என்றார்.

"அப்ப வெங்காயத்தை நாளைக்கு உரிப்போம்க்கா" என்று கதீஜா எழுந்தாள். எழுந்தவள் சுவரில் தொங்கிய கடைக் காலண்டரில் திங்களைக் கோடு போட்டு அடித்தாள். செவ்வாயின் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

சந்திரமதி கையிலிருந்த வெங்காயம் உருண்டு ஓடியது. "அது என்னடி புள்ளி?"

"எங்க வாப்பா காலத்துலேருந்து வைக்கிறதுதான்க்கா. பிறை தெரியலைன்னா பெருநாள் மறுநாளைக்குத் தள்ளிப்போகும்ல? அந்த நாள்ல வேற ஜோலி வச்சுக்கக் கூடாதுன்னு அடையாளம். உங்களுக்குத் தெரியாதா?"

பத்து வருஷமாகச் சுவருக்குச் சுவர் பக்கத்து வீடு. பெருநாள் பிரியாணி தவறாமல் வந்திருக்கிறது. ஒரு நாளாவது கேட்டாளா? பெருநாள் காலையில் முஸ்லிம் பிள்ளைகள் தொழுகையை விட்டுவிட்டு பூகோளம் எழுத வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்ததும் துணைப் பதிவாளர் பங்களாவுக்கு ஓடினாள். அந்த வெள்ளைக்காரர் ராத்திரி உடையோடு வராந்தாவில் நின்றார். கையில் தந்தி.

"கோலாலம்பூரிலிருந்து. படி" என்று நீட்டினார்.

'செவ்வாய்ப் பரீட்சையை இரு ஊரிலும் ஒத்திவைக்கவும். புள்ளியின் பொருளை விளக்காதது என் பிழை. சாகுல் ஹமீது.'

"ஒத்திவைத்தாகிவிட்டது. அந்த ஆள் இனி நாட்காட்டியைத் தொட வேண்டாம். முழுசாக நீயே பார்த்துக்கொள்" என்றார் துரை.

கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. பழக்கதோஷம், முதலில் சந்தேகம்தான் வந்தது. எதற்கு இப்படி எழுதினான்? இதில் என்ன உள்குத்து? புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். 'கவனித்தாயிற்று' என்ற அவள் கடிதம் அவர் மேசையில் இருக்கிறது. அதைக் காட்டியிருந்தால் இந்நேரம் அவள் கதை முடிந்திருக்கும். அவர் காட்டவில்லை. எத்தனை புரட்டினாலும் அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது.

அண்ணி முகம் கண்முன் வந்து நின்றது. இருந்தும் வாயைத் திறந்தாள். "அவர் மேல தப்பில்ல சார். புள்ளியை ரப்பர் போட்டு அழிச்சது நான். அவர் கேட்டப்போ கவனிச்சாச்சுன்னு பொய் எழுதினதும் நான்."

துரை தந்தியைத் திருப்பி வாங்கி மடித்தார்.

வேலை போகவில்லை, ஆனால் நாட்காட்டி கோலாலம்பூருக்குப் போயிற்று. சந்திரமதி சம்பளம் குறைந்து டைப்பிஸ்டாக மூலையில் உட்கார்ந்தாள். ஜாடை பேசினார்கள். கேட்டுக்கொண்டாள்.

அடுத்த நாட்காட்டி டைப்படிக்க அவளிடமே வந்தது. நோன்பு, ஹஜ்ஜு என்று இரண்டு பெருநாளுக்கும் மறுநாளில் சிவப்புப் புள்ளி. தீபாவளிக்குப் பக்கத்திலும் ஒன்று! அதன் ஓரத்தில் அதே அழகான கையெழுத்து, இந்த முறை தமிழில்: 'தீபாவளி எந்த நாள் என்று பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் மாறுகிறதாம். எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் சரி, சகோதரி.'

சந்திரமதி அன்று சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் மூன்று கடை ஏறி மூன்று பஞ்சாங்கம் பார்த்தாள். அதோடு விடாமல் கோயில் குருக்களையும் போய்க் கேட்டாள். தன்னை நம்பி ஒருத்தர் கேட்டுவிட்டாரே, தப்பாகிவிடக் கூடாது.