பெட்டியிலிருந்த சிவப்பு

ஒட்டுப்போர்வை தைக்கத் துண்டுத்துணிகள் சேர்க்கிறேன். கும்பகோணத்துக் கடையொன்றில் குவியலைக் கிளறியபோது ஒரு சிவப்புத் துண்டு வந்தது. அதன் கஞ்சி வாசனையில் அம்மாவின் தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது.

அப்போது வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் இருந்தோம். அம்மா நடவுக்குப் போவாள். தையற்கடையில் கழித்துப்போடும் துண்டுகளைக் கேட்டு வாங்கி, துவைத்து, நிறம் பிரித்து அந்தப் பெட்டியில் வைப்பாள். தம்பிக்கு ஒரு போர்வை தைக்க அவளுக்கு ஆசை.

கூலி உயர்வு கேட்டு யாரும் வயலில் இறங்காத வருஷம் அது. மிராசுதாரின் காரியக்காரர் ஆட்களோடு எங்கள் தெருவுக்கு வந்து வீடுவீடாகச் சோதனை போட்டார். எங்கள் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் மாறியது.

"இத்தனை சிவப்பு எதுக்கு? சங்கத்துக்குக் கொடி தைக்கிறவ நீதானா?"

"புள்ளைக்குப் போர்வைங்க. மத்த நிறமும் இருக்கு, பாருங்க."

சிவப்பை மட்டும் அள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை வாசலில் நின்று கேட்டாள். "எங்க வீட்டுல பானையெல்லாம் ஒடைச்சாங்க. ஒன் வீட்டுல ஒண்ணும் ஒடையலியே. அவங்ககிட்ட என்ன சொன்ன?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவரும் பதிலுக்குக் காத்திருந்தார்.

அம்மா உள்ளே போய்த் தன் கல்யாணப் புடவையை எடுத்து, சிவப்பு முந்தானையைக் கிழித்து அப்பா கையில் கொடுத்தாள்.

"கொடிக்கு வச்சுக்குங்க."

ஊர்வலத்தில் அந்தக் கொடியை அப்பாதான் பிடித்தார். அம்மா போகவில்லை. அன்றிலிருந்து அப்பா வந்து தட்டினாலும், "யாரு?" என்று கேட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

இப்போது என்னோடு இருக்கிறாள். எனக்கும் அப்படித்தான் திறக்கிறாள்.