தேவகிருபைக்காக மூன்று வெள்ளி

ஒரு பூனைக்காக நான் மூன்று வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. மூன்றாவது வெள்ளியன்று கடையில் ஒரு அம்மாவுக்குக் குக்கர் எடுத்துக் காட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, குக்கரோடு அந்த அம்மா மேலேயே சாய்ந்தேன். இத்தனையும் பூனைக்காக என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்ய வைத்த புண்ணியவதி ஜெயக்கொடி. அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நல்லதாக நாலு வார்த்தை வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஜெயக்கொடிக்கு ஊர் சாயர்புரம் பக்கம். பதினெட்டு வயதில், அண்ணன்காரன் ராயபுரத்தில் வெங்காய மண்டி போட்டபோது சமைத்துப் போட வந்தவள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று, அண்ணன் பிள்ளைகளுக்கும் ஆயிற்று, இவளுக்கு ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் "அதுக்கென்ன இப்போ" என்பாள். இப்போது வயது ஐம்பத்திரண்டு. மண்டியில் மூட்டையைக் கொட்டி, நல்ல வெங்காயம் ஒரு பக்கம், அழுகல் ஒரு பக்கம் என்று பொறுக்குவதுதான் முப்பத்து நாலு வருஷமாக அவள் பிழைப்பு. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. ஜெபத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கண் கரிக்கும். ஆவியில் நிறைந்து அழுகிறோமா, வெங்காயத்துக்கு அழுகிறோமா என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

திருவொற்றியூரில் எங்கள் பாத்திரக்கடை மாடியில் வெள்ளிதோறும் பெண்களுக்கு உபவாச ஜெபம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்து, சாயங்காலம் ஐந்தரைக்குக் கூடி, ஏழு மணிக்கு டீயும் பன்னுமாக முடிப்போம். நடத்துவது நான், மகிமா அக்கா என்பார்கள். என்னையும் சேர்த்து மொத்தம் பதினோரு பேர். ஜெபக் குறிப்பு கேட்கும் நேரம் வந்தால் ஆளுக்கொன்று நீட்டுவார்கள். ஃப்ளோரன்ஸுக்கு வாரத்துக்கு ஒரு மூட்டு வலிக்கும். ஜெயக்கொடி மட்டும் பத்து வருஷத்தில் ஒரு குறிப்பும் கொடுத்ததில்லை. யாரிடமும் எதையும் கேட்காதவள் என்று சிலர் மெச்சிக்கொண்டார்கள். எனக்கு அது திமிராகத்தான் பட்டது.

அப்பேர்ப்பட்டவள் ஒரு வெள்ளியன்று எழுந்து நின்றாள்.

"தேவகிருபைக்கு ரெண்டு கிட்னியும் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வயசு பதிமூணுதான். ஜெபம் பண்ணுங்க."

"யாரு அது?" என்று ஃப்ளோரன்ஸ் கேட்டாள்.

"என்கூட இருக்குறவ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பொய் என்று ஒரு வார்த்தை இல்லை. மிச்சத்தை நாங்களே கட்டிக்கொண்டோம். ஊரிலிருந்து யாரோ அநாதைப் பிள்ளையைக் கூட்டி வந்து வளர்க்கிறாள், சொல்லாமல் மறைத்திருக்கிறாள், பாவம், கெட்டிக்காரி என்றெல்லாம் பேசினோம். ஃப்ளோரன்ஸ் வாய்விட்டு அழுதாள். பாஸ்டர் வேதமாணிக்கம் ஞாயிறு ஆராதனையில் பெயரைச் சொல்லி அறிவித்தார். சபையே எழுந்து நின்று தேவகிருபையின் சிறுநீரகங்களுக்காக மன்றாடியது.

மூன்றாவது உபவாசம் முடிந்த மறுநாள் சாயங்காலம் நோயாளியைப் பார்க்க நானும் ஃப்ளோரன்ஸும் போனோம். கையில் ஒரு டஜன் சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ். கண்டெய்னர் லாரி போகிற ரோட்டை ஒட்டிய சந்தில், மாடியில் ஒற்றை அறை. நிலக்கரித் தூசி ஏறாமல் இருக்க ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டியிருந்தாள். உள்ளே போனால் கட்டிலில் சாம்பல் நிறத்தில் எலும்பும் தோலுமாக ஒரு பூனை. திரைக்கம்பியில் ட்ரிப்பு பாட்டில் தொங்குகிறது. கீழ்வீட்டு மங்கை, காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவள், அந்தப் பூனையை மடியோடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். ஜெயக்கொடி அதன் தோள்பட்டைத் தோலை இரண்டு விரலால் கூடாரம் போலத் தூக்கி ஊசியைச் செருகுகிறாள்.

"இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? கதவ சாத்துங்க, பூனை மெரள்து" என்றாள் மங்கை.

ஃப்ளோரன்ஸ் ஹார்லிக்ஸைக் கட்டிலோரம் வைத்துவிட்டுக் கேட்டாள். "இதுவா தேவகிருபை?"

"நாசிக் வெங்காய லாரியில, மூட்டைக்கு அடியில நசுங்காம வந்தவ" என்றாள் ஜெயக்கொடி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேற என்ன பேரு வைக்க?"

"நாங்க ஒரு புள்ளைன்னு நெனச்சோம்."

"நீங்க நெனச்சீங்க, நான் திருத்தல. அது தப்புதான்."

தப்புதானாம். மூன்று வெள்ளி பதினோரு வயிறு காய்ந்ததற்கு அவ்வளவுதான். ஃப்ளோரன்ஸ் வைத்த ஹார்லிக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். சாத்துக்குடியை நான் விட்டுவிட்டு வந்தேன், பெருந்தன்மையால் அல்ல, அதைத் தூக்கிக்கொண்டு திரும்பப் படியிறங்க எனக்கு முழங்காலில் தெம்பு இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடிப் பேசினோம். பேசியது முழுக்க ஒரே பேச்சுதான், பூனை. முடிவில் ஃப்ளோரன்ஸ் சொன்னதே தீர்மானமாயிற்று. வருகிற வெள்ளி ஜெபத்தில் ஜெயக்கொடி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிற வரை ஜெபத்தில் சேர்க்கக் கூடாது. போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. விழவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு ஆசை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பழைய சேலைத் துண்டில் சுற்றிய பூனையை என் கையில் திணித்தாள்.

"கொஞ்சம் புடிச்சிக்கிடுங்க அக்கா. மங்கை மக பிரசவத்துக்குப் பழவேற்காடு போயிட்டா. வர பத்து நாளாகும்."

என் ஜென்மத்தில் நான் பூனையைத் தொட்டவள் இல்லை. உதறியிருப்பேன். ஆனால் அதற்குள் அவள் ஊசியை எடுத்துவிட்டாள். பாட்டிலை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். "ராசாத்தி, ஆயிருச்சு, ஆயிருச்சு" என்று கொஞ்சிக்கொண்டே குத்தினாள். தோலுக்கு அடியில் தண்ணீர் இறங்கி, முதுகில் ஒரு முண்டு போல வீங்கியது. அதன் வாயிலிருந்து மூத்திர நெடி வந்தது. உள்ளே புண்ணாம். அப்புறம் கோழியை வேகவைத்து மசித்து, துணியில் வடிகட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். பாதியை அது துப்பியது. துப்பியதைத் துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தாள். மீனை டாக்டர் அடியோடு நிறுத்திவிட்டாராம். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கே சிரிப்பாக வந்தது, திருவொற்றியூரில் பத்தியம் இருக்கும் பூனை.

"மாதவரத்து மாட்டாஸ்பத்திரியில காட்டினேன். தினமும் இத ஏத்தணும், ஒரு வேளை தவறக் கூடாதுன்னாங்க. ஏத்துனா ஒரு மாசமோ ரெண்டு மாசமோ இருப்பா. ஒருத்தர் புடிக்கணும், ஒருத்தர் குத்தணும். ஒத்தையில முடியாது அக்கா, பிடுங்கிருவா."

பூனையைப் பிடித்துக்கொண்டே தீர்மானத்தைச் சொன்னேன். முகம் போகும் போக்கைப் பார்க்க வந்தவளுக்கு அவள் உச்சந்தலைதான் தெரிந்தது. குனிந்து பாட்டிலில் எத்தனை கோடு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்புக் கேக்குறதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா மண்டியிலேருந்து வந்து சேரவே எனக்கு அஞ்சே முக்கால் ஆயிருது. முன்ன லேட்டா வந்தாவது உக்காருவேன். இப்போ ஆறு மணிக்கு இவளுக்கு ட்ரிப்பு. எப்படி வர?"

ஆண்டவரைவிட உனக்குப் பூனை பெரிசு. இந்த வார்த்தையைச் சொல்லத்தான் நினைத்தேன். மடியில் அது நடுங்கியதால் சொல்லவில்லை.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் போனேன். இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பூனை செத்துப் போனால் மகிமா அக்கா சபித்ததால்தான் செத்தது என்று மண்டி பூராவும் பேச்சாகும், அதற்காகப் போனேன். "பாத்திரக்கடை முதலாளியம்மா பூனைக்கு ஆயா வேலை பாக்குறாளாம்" என்று என் வீட்டுக்காரர் எபினேசர் கிண்டல் செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் பிடிக்கும் விதம் கைக்கு வந்துவிட்டது. முழங்கையால் பின்னங்கால்களை அணைத்து, உள்ளங்கையை நெஞ்சுக்கு அடியில் கொடுக்க வேண்டும். அந்தச் சின்ன நெஞ்சு அடித்துக்கொள்வது கைக்குத் தெரியும். வியாழனன்று அது என் கட்டைவிரலை நக்கியது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அன்று நான் கிளம்பும்போது ஜெயக்கொடி வாசல் வரை வந்தாள். "நாளைக்கு வெள்ளி" என்றாள்.

"ஏழு மணிக்கு ஜெபம் முடியும். ஏழேகாலுக்கு இங்க இருப்பேன்."

"அதுவரைக்கும் தாங்குவா. வந்திருங்க அக்கா. உங்கள விட்டா எனக்கு ஆள் இல்ல."

பத்து வருஷத்தில் அவள் என்னிடம் கெஞ்சிக் கேட்ட முதல் உதவி அது. கேட்க வைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

வெள்ளியன்று அவள் வரவில்லை. ஏழு மணிக்கு ஆமென் சொல்லியாயிற்று. டீயும் பன்னும் வந்ததும் பேச்சு தானாகப் பூனைக்குப் போனது. நேரில் பார்த்தவள் நான்தான் என்பதால் எல்லோரும் என்னையே கேட்டார்கள். நான் எழுந்து நடித்தே காட்டினேன். சேலைத் துண்டைச் சுற்றும் விதம், கடைவாயில் கோழிச்சாறு விடும் விதம், "ராசாத்தி, ஆயிருச்சு, ஆயிருச்சு" என்று அவள் குழையும் குரல். ஒருத்திக்குப் பன் தொண்டையில் சிக்குகிற அளவுக்குச் சிரிப்பு. சிரிக்கச் சிரிக்க எனக்கும் ஏறியது. இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள், செய்தேன். அந்த மாடியில் அப்போது நாங்கள் பத்துப் பேர் இருந்தோம். பூனையைப் பிடிக்க ஒரு ஆள் போதும். கடிகாரத்தைப் பார்த்தபோது எட்டு பத்து.

போனேன். அறை முழுக்கத் தண்ணீர். பாட்டில் காலியாகத் தொங்கியது. ஜெயக்கொடி ஈரத்தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். இடது கை விரல்களில் ஊசி குத்தி ரத்தம். பூனை அவள் மடியில் பக்கவாட்டில் கிடந்தது.

"ஏழே முக்கால் வரைக்கும் பாத்தேன் அக்கா. அவளுக்கு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. நானே குத்திப் பாத்தேன். நாலு தடவ பிடுங்கிட்டா. எல்லாம் தரையில போச்சு."

ஏன் தாமதம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன், தயாராகத்தான் வந்திருந்தேன். ஓடிப்போய் மருந்துக்கடையில் இன்னொரு பாட்டில் வாங்கி வந்து, இருவருமாக ஏற்றினோம். இந்தத் தடவை பூனை திமிறவில்லை. பிடிக்க வேண்டிய தேவையே இல்லை, துணி மாதிரிக் கிடந்தது. மறுநாள் காலை, அவள் மண்டிக்குக் கிளம்பும் நேரத்தில் உயிர் போயிற்று. மங்கையின் புருஷன் மனோகரன் படகுகளுக்கு அப்பால் மணலில் குழி தோண்டிக் கொடுத்தான்.

அந்த ஒரு மணி நேரத்தால்தான் செத்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ட்ரிப்பு ஏற்றினாலும் மாசக் கணக்குதான் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அடுத்த வெள்ளி ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்தால் ஜெயக்கொடி நிற்கிறாள். எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தாள். மண்டியில் அரை மணி முன்னதாகச் சொல்லிவிட்டு வந்தாளாம். விரலில் பிளாஸ்திரி.

"நீ எதுக்கு வந்த?" என்றேன். என் வாயில் அப்படித்தான் வந்தது.

"ஆறு மணிக்கு எனக்கு இப்போ வேலை ஒண்ணும் இல்ல அக்கா. அதான் வந்தேன்."

எல்லோரும் வந்து சேர்ந்ததும் எழுந்து நின்றாள். பூனையைப் பிள்ளை என்று உங்களை நினைக்க விட்டது என் தப்பு, எனக்காகப் பட்டினி கிடந்தீர்கள், ஆண்டவரும் நீங்களும் மன்னிக்க வேண்டும் என்று சொன்னாள். மகிமா அக்கா நாலு நாள் வந்து பிடித்தார்கள், அவர்களுக்கு நன்றி என்றும் சொன்னாள். ஃப்ளோரன்ஸ் திருப்தியாகத் தலையை ஆட்டினாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அதற்கு அடுத்தபடியாக எழுந்து நிற்க வேண்டியவள் நான். டீ கொதித்துவிட்டதா பார்க்கிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.