கால் முளைத்த கேரட்

என் ஓரகத்திக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் ‘மாட்டேன்’. எதைச் சொன்னாலும் அவள் வாயில் முதலில் வருவது அதுதான். கொழுந்தனார் காலமான பிறகு அவருடைய பங்கு நிலத்தை அவளே பார்த்துக்கொண்டாள். அதை ஒட்டி எங்கள் நிலம். இரண்டிலும் கேரட்.

என் வீட்டுக்காரர் மூட்டை உரம் போடுகிறவர். அவள் மாட்டேன் என்று தொழுவத்துச் சாணத்தை அள்ளி, ஈரத்தோடு பாத்தியில் கொத்திவிட்டு விதைத்தாள். பிடுங்கினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், மூன்று கால், உடம்பெல்லாம் முடி. மண்டிக்காரர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, “இதுக்கு என்னம்மா, தையக்காரர வரச்சொல்லி அளவு எடுக்கணுமா?” என்றார். மண்டியே சிரித்தது. எனக்குத்தான் கண் கலங்கியது. அவளுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா அந்த நெலத்த நான் எடுத்துக்கிறேன். நீ வீட்டோட இரு.”

“தப்பு எருவுல இல்ல மாமா. மக்குறதுக்குள்ள அள்ளிப் போட்ட என் கையில.”

கடவுள் இவளுக்குப் பொறுமையைக் கொஞ்சம் குறைத்தே வைத்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். அது என் பிழை. சாணமும் சருகும் மாற்றி மாற்றி அடுக்கிக் குவித்து, ஆறு மாதம் புரட்டினாள். முழங்கை வரை உள்ளே விட்டு, “இன்னும் சுடுதுக்கா” என்பாள். சூடு தணிந்து, நாற்றம் போய், மழை பெய்த மண் மாதிரி மணந்த பிறகுதான் சலித்துப் பாத்தியில் போட்டாள். கூடவே அடுப்புச் சாம்பல். அது கிழங்குக்கு நல்லதாம்.

விதைத்து இரண்டு மாதத்தில் எங்கள் பாத்தியில் இலை முழங்கால் உயரம். அவளுடையது அதில் பாதி. என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. யூரியா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

“உன் நல்லதுக்குத்தாம்மா. இலையப் பாரு, சவலப்பிள்ள மாதிரி.”

“நீங்க இலையவா மாமா சாப்பிடப் போறீங்க?”

“வழிய விடு.”

“மாட்டேன். தூவணும்னா என் தலையில தூவுங்க.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அன்றைக்கு என்ன துணிச்சலோ, ஆண்டவன் கொடுத்ததுதான், “மூட்டையக் கீழ வைங்க” என்றேன். அவர் என்னை அடுத்த வீட்டுக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். வைத்துவிட்டார்.

அறுவடையன்று அவரே வந்தார். “நான் காட்டுற எடத்துலதான் புடுங்கணும்” என்றார். நடுவில், ஓரத்தில், தண்ணீர் தேங்கும் மூலையில் எல்லாம் காட்டினார். இருபது பிடுங்கியதில் இரண்டு பிளந்திருந்தன. மற்றதெல்லாம் நேராக, வழவழவென்று, ஒரு சாண் நீளம். ஒன்றைத் துடைத்துக் கடித்தார். மென்றுகொண்டே இருந்தார். எங்கள் பாத்தியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இலைதான் அமோகம். கிழங்கு விரல் பருமன்.

கடைசியில், “சரி, நெலம் உங்கிட்டயே இருக்கட்டும்” என்றார், பெரிய மனசோடு.

அவள் நிமிரக்கூட இல்லை. அடுத்ததைப் பிடுங்கி மண்ணை உதறினாள்.

“நீங்க குடுக்குறதுக்கு அது எப்ப மாமா உங்களோடதா இருந்துச்சு?”