உரித்தால்தான் லேபிளாம்!

தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று என்னைச் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு ஒருவர் கேட்டார்: 'நீங்க நெசமாவே சேகரிக்கிறவங்கதானா மேடம்?' சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. இந்தக் கேள்விக்குச் சிவகாசி பக்கத்துத் திருத்தங்கலில் அந்தக் காலத்திலேயே பதில் சொல்லிப் பார்த்தவளாச்சே நான்!

அப்போது தீப்பெட்டி கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். மிச்சத்தை வீட்டுக்கும் எடுத்து வந்து ஒட்டுவேன். மைதாப் பசை வாடை வந்தால் எனக்கு இன்றைக்கும் மயில், கிளி, ரோஜாப்பூ எல்லாம் வரிசை கட்டும். அந்தப் படங்கள் மேல் அப்படியொரு பைத்தியம். ஞாயிறன்று டீக்கடையில் லேபிள் சேகரிக்கிற ஆண்கள் கூடுவார்கள். அந்த பெஞ்சில் ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்தேன். ஒருநாள் புதுச்சேலை கட்டிக்கொண்டு, சேர்த்த படங்களோடு போயே போய்விட்டேன்.

கூட்டத்துக்குப் பெரிய தலை பலசரக்குக் கடை அண்ணாச்சி. என் படங்களை ஒற்றை விரலால் தள்ளினார்.

"ஏம்மா, இது கம்பெனிப் பேப்பரு. பெட்டிய வாங்கி, குச்சியத் தீத்து, தண்ணியில ஊறவச்சு உரிச்சாத்தான் லேபிளு. ஒட்டுறவுகளுக்கு இது வேல. ரசனைங்கிறது வேற."

அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன. விட்டேனா? மறு ஞாயிறே கூட வேலை பார்க்கும் பெண்களை வீட்டில் கூட்டினேன். எங்களிடம் எந்தப் படமும் செல்லும். சுக்குக்காப்பி, காரச்சேவு, ஓயாத சிரிப்பு.

கொஞ்ச நாளில் அச்சுப் பிசகிய மயில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. பச்சையே விழாமல் உடம்பெல்லாம் சிவப்பு! சேதி பரவி, அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார்.

"ஒருவாட்டி பாத்துட்டுப் போறேம்மா."

என் தோழி பேச்சியம்மா விடவில்லை. "எங்களுக்கும் சட்டம் இருக்கு அண்ணாச்சி. ஒரு பெட்டி ஒட்டிக் காட்டுங்க, பெறகு பாப்பீக."

மனுசன் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பசை மீசை வரை ஏறியது. ஒட்டி முடித்துப் பெருமையாக நீட்டினால், கிளி தலைகீழாகத் தொங்குகிறது!

"கிளிக்குக் கெறக்கமா அண்ணாச்சி?" என்றாள் பேச்சியம்மா. முதலில் சிரித்தது அவர்தான். "இத உரிச்சிராதீக தாயி, அப்படியே வைங்க" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வாரமே டீக்கடைக் கூட்டம் மொத்தமும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

இப்போது அட்டையிலேயே படம் அச்சாகி வருகிறது. ஒட்டவும் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம். எங்கள் அண்ணாச்சியே வந்து உட்கார்ந்தாலும் கிளியைத் தலைகீழாக்க முடியாது.