திறப்பு பொருந்தவில்லை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புத்தளம் பக்கம், கண்டக்குழிக்குப் போகும் வழியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், தென்னந்தோட்டத்துக்கு நடுவில் இருந்த ஒரு பழைய வீட்டை நானும் மனைவியும் திருத்திக்கொண்டிருந்தோம். பழைய வீடு என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான்.

அது எனக்குச் சீதனமாக வந்த வீடு. கலியாணப் பேச்சில் பெரியவர்கள் கூடியிருந்து "தென்னந்தோட்டமும் அதிலுள்ள வீடும்" என்று ஒரு தாளில் எழுதி, சாட்சிக் கைச்சாத்தும் வைத்தார்கள். நானும் புது மாப்பிள்ளைத் தோரணையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு போய்ப் பார்த்தால் நாலு சுவர், பாதிக் கூரை, உள்ளே ஆடு கட்டிய அடையாளம். மாமனாரிடம் போய்ச் சண்டை பிடிக்கவா முடியும்? பல வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, இனி இதையாவது மனிதர் இருக்கிற மாதிரி ஆக்குவோம் என்று இறங்கினோம்.

எனக்குத் தொழில் படகு இயந்திரம் திருத்துவது. யுத்த காலத்தில் புது உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒன்றில் கழற்றி இன்னொன்றில் போட்டு ஓடவைப்பதுதான் என் கெட்டித்தனம். வீட்டையும் அதே மாதிரித்தான் எழுப்பினேன். ஓடுகள் இடித்துப் போட்ட ஒரு கொப்பராக் கொட்டிலிலிருந்து வந்தன. கரையில் உடைந்து கிடந்த வள்ளத்தின் பலகைகளை வாங்கி, நானே சீவி யன்னல் செய்தேன். மனைவி பனையோலை கிழித்து யன்னல்களுக்குத் தட்டி பின்னினாள். சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு பூசியதும் அவள்தான். "ஒங்களுக்கு வேணுமானது வீடா, பழைய சாமான் கடையா?" என்று என்னைக் கிண்டல் பண்ணுவாள். பண்ணிக்கொண்டே நான் கொண்டுவந்த அடுத்த சாமானைத் துடைத்து வைப்பாள்.

முன்கதவுதான் அமையாமல் இருந்தது. கடைசியில் புத்தளத்தில் பழைய மரம் விற்கும் ஒரு மரக்காலையில், நிலையோடு சேர்த்து ஒரு இரட்டைக் கதவு கண்டேன். முதிரை மரம். ஒவ்வொரு கதவின் மேற்பக்கமும் எட்டு இதழ்ப் பூ ஒன்று செதுக்கியிருந்தது. மன்னார்ப் பக்கத்து வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். "கதவு நல்லமா இல்லயா, அதச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பதிலுக்கு, ஆளில்லாத வீட்டில் கழற்றியது என்றுதான் அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் ஆசை யாரை விட்டது?

கதவில் இருந்த இரும்புப் பூட்டு துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது, திறப்பும், அதுதான் சாவியும், இல்லை. அதைக் கழற்றி மண்ணெண்ணெய் டின்னில் ஊறப் போட்டேன். அதன் இடத்தில், சிலாபத்தில் உடைத்த ஒரு பங்களாவிலிருந்து வந்த பித்தளைப் பூட்டைப் பொருத்தினேன். பழைய துளையைப் பெரிதாக்கி, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே மெருகும் பூசியபோது மாற்றின இடமே தெரியவில்லை. அந்தக் கிழமை முழுக்க மனைவி தன் உம்மா வீட்டில் இருந்ததால் அவளுக்கு இந்தப் பூட்டுக் கதை தெரியாது.

எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர். பக்கத்தில் ஒரு அகதி முகாம் இருந்தது. மன்னார்ப் பக்கத்து ஊர்களிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வள்ளங்களில் வந்து இறங்கிய எங்கள் முஸ்லிம் சனங்கள் அங்கே ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள். வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்தார்கள். அவர்களில் ஒரு பெண், என் வயதிருக்கும், பின்னேரம் தண்ணீருக்கு வருவார். என் மனைவி அவரை ராத்தா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவாள், அவர் என்னை அண்ணன் முறையில் நானா என்பார். இருவருக்கும் கதை முடியவே முடியாது.

கதவு மாட்டிய நாளிலிருந்து கதை நின்றுவிட்டது. அவர் குடத்தை வைத்துவிட்டுக் கிணற்றடியிலிருந்தே கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் நிரம்பினாலும் போகமாட்டார். என் மனைவி கண்ணூறு பட்டுவிடும் என்று பயந்தாள். எனக்கோ தலை கால் புரியவில்லை. என் கைவேலையை ரசிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்து, கதவை எந்தக் கடையில் பிடித்தேன், எப்படிப் பேரம் பேசினேன் என்றெல்லாம் அவருக்கு விலாவாரியாகச் சொன்னேன். அவர் "ம்" கொட்டிக் கேட்டார். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு பின்னேரம் அவர் குடமில்லாமல் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு திறப்பை எடுத்தார்.

"நானா, கோவிக்க வேணாம். இத ஒருக்கா அந்தக் கதவுல போட்டுப் பாக்கட்டா?"

கதவைக் கேட்டு வந்துவிட்டார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். என் கை தானாகப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். மகளுக்குக் கலியாணம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் அதே முகாம்தான். கையில் ஒன்றுமில்லாத இடத்தில், ஊரில் பூட்டிவிட்டு வந்த கல்வீட்டைத்தான் மகளுக்குச் சீதனமாகச் சொல்லியிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை கலியாணமும் சீதன எழுத்தும். அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவர ஒருவருக்கும் வழியில்லாத காலம் அது.

"இது எங்கட கதவெண்டா அங்க வீடில்ல நானா. இல்லாத வீட்ட எப்பிடி எழுதிக் குடுக்கிற?"

நான் விலகி நின்றேன். அவர் படியேறி, பூட்டுக்கு நேரே குனிந்து, அதையே உற்றுப் பார்த்தார். துளையைத் தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகு திறப்பைப் போட்டார். பாதிகூட உள்ளே போகவில்லை. திருப்பிப் பிடித்தும் பார்த்தார், போகவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணால் தண்ணீர் ஓடியது. என் மனைவி ஓடிவந்து அவரைக் கட்டிப் பிடித்தாள். "ஒங்கட வீடு அங்கதான் இரிக்கி ராத்தா. கண்ணூறு அது இதெண்டு நெனச்சேனே, என்ன மன்னிச்சிக்கோங்க" என்று அவளும் அழுதாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் தோட்டத்தைக் கடந்து போன பிறகுதான், அந்தப் பூட்டு அந்தக் கதவின் பூட்டே இல்லை என்பது எனக்கு உறைத்தது. திறப்பைப் போடும்போதே ஏன் நினைவு வரவில்லை? மறந்துதான் இருந்தேனா, இல்லை மறந்த மாதிரி இருந்தேனா? அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

மனைவியிடம் சொன்னேன். முதலில் என்னை நன்றாக ஏசினாள். பிறகு, "பேசாம இரிங்க, அந்த ஊர்ப் பக்கம் எல்லாக் கதவுலயும் இதே பூதான் இரிக்கும்" என்றாள். அடுத்த நாள் காலையில், "இல்ல, போய்ச் சொல்லுங்க, அது நம்பி விட்ட பொருள் மாதிரி, அமானிதம்" என்றாள். பகல் சோறு போடும்போது, "சொல்லி ஒரு கலியாணத்தக் கொழப்பவா?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? அவள் சொல்ல வேண்டாம் என்றால் எனக்குச் சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்லுங்கள் என்றால் பயம் வந்தது. 'வீடு' என்று எழுதின தாளை நம்பிப் போய் ஆட்டுக்கொட்டிலைப் பார்த்தவன் நான். எனக்கு அது சிரிப்பாக முடிந்தது. நாளைக்கு அந்த மாப்பிள்ளை வீட்டார் கோபப்பட்டால் பழிச்சொல் கேட்கப்போவது அந்தப் பெண்பிள்ளைதானே?

இரும்புப் பூட்டை மண்ணெண்ணெயிலிருந்து எடுத்துத் துடைத்தேன். துரு நன்றாக இளகியிருந்தது. திறப்பை மட்டும் கொண்டுவந்து போட்டால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்ததும், பூட்டை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு முகாமுக்குச் சைக்கிளை விட்டேன். தென்னோலைக் கிடுகுப் பந்தல் போட்டு, சோறு ஆக்கி, பத்து இருபது பேர் கூடியிருந்தார்கள். அவரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டை எடுத்தும் காட்டினேன்.

அவர் முகம் மாறவேயில்லை.

"தெரியும் நானா. படியில ஏறினதும் பித்தளையக் கண்டேனே. எங்கட பூட்டு இரும்பு."

பிறகு எதற்குத் திறப்பைப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"போட்டுப் பாத்தேன், பொருந்தல்ல. நாளைக்கு யாரு கேட்டாலும் இதச் சொல்ல ஏலும். பொய்யில்லயே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாளாகச் சோறு தண்ணி இறங்காமல் தவித்தவன் அல்லவா? "அப்ப மாப்பிள்ள வீட்டாள ஏமாத்துறீங்களா?" என்று குரலை உயர்த்திவிட்டேன். சத்தம் கேட்டு, சோற்றுக் கிடாரத்தடியில் நின்ற மாப்பிள்ளையின் வாப்பாவே அகப்பையோடு வந்துவிட்டார். சரி, நானே கலியாணத்தைக் குழப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணோ ஒளிக்காமல் கதவு, பூட்டு எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னார்.

"இதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க?" என்றார் அவர். "என்ட வீட்டு ஓடுகளயும்தான் புத்தளத்துல ஒரு கடக் கூரையில கண்டன். வாங்க, சோறு ஆறுது." அகப்பையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"வீடெண்டு எழுதாட்டி எங்கட புள்ளயளுக்கு அங்க என்ன இரிக்கி நானா?"

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். திறப்பை இந்தப் பூட்டில் ஒருக்கா போட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். அவர் முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். அதத் துணியில சுத்துங்க."

சுற்றினேன். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி மாப்பிள்ளையின் வாப்பாவோடும் இன்னும் நாலு பேரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பாடு முடிந்து சீதனத் தாளை எழுதினார்கள். "கல்வீடும் வளவும் கிணறும்" என்று ஒருவர் சத்தமாக வாசித்தார். உள்ளூர் ஆள் ஒருவர் சாட்சிக்கு இருந்தால் நல்லது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டைப் பற்றிச் சந்தேகப்படக் கையில் ஆதாரம் வைத்திருந்தவன் அந்தப் பந்தலிலேயே நான் ஒருவன்தான். பேனாவை என்னிடம்தான் நீட்டினார்கள். கைச்சாத்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "அப்ப அண்டைக்கு அவ அழுதது எதுக்கு?" என்று கேட்டாள் மனைவி. சந்தோஷத்தில் அழுதாரா, கதவை அடையாளம் கண்டு அழுதாரா என்று இருவரும் மாறி மாறிக் கதைத்தோம். அவரிடம் கேட்க எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை. அவரும் பிறகு பழையபடி வந்து தண்ணீர் எடுத்தார், கதைத்தார், சிரித்தார். ஆனால் படியேறி உள்ளே வாங்க என்று மனைவி கூப்பிட்டால் மட்டும், கால் மண்ணாயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

யுத்தம் முடிந்த பிறகு அந்தக் குடும்பம் மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டது. அங்கே எதைக் கண்டார்கள் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது இந்தப் பக்கம் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். வீட்டைப் பார்த்துவிட்டுப் படமெடுக்கிறார்கள், பூவைத் தடவிப் பார்த்து நல்ல கதவு என்கிறார்கள். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எங்கட யன்னல், எங்கட கூரை என்று எல்லாவற்றையும் காட்டுகிற எனக்கு, இத்தனை வருடமாகியும், எங்கட கதவு என்று மட்டும் வாயில் வருவதேயில்லை.